ஒன்பது தடவை

காப்புறுதிக்காரர் ஒன்பது தடவைக்கு ஒப்புக்கொண்டார்கள்.
ஒன்பதுக்குள் நேராகிவிட வேண்டும் என்று
கடிதத்தில் இல்லை.
நான்தான் அப்படி வாசித்தேன்.

ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
பேக்கரிக்கு மேலே இரண்டாம் மாடி.
படியேற ஏற
கழுத்து தன்பாட்டில் இடப்பக்கம் திரும்பும்.
கைப்பிடி வலப்பக்கம்.
பார்க்காமலே பிடித்து ஏறப் பழகிவிட்டேன்.

மூன்று வருடமாக இப்படி.
ஹெர்க்கிங்கன் தபால் மையத்தில்
பொதிகள் வலப்பக்கமிருந்து வரும்,
கை வாங்கும்,
முகம் வேறெங்கோ இருக்கும்.
இடப்பக்கம் நிற்கிற துரிம்
முதல் மாதம் என்னிடமே கேட்டான்: என்ன பார்க்கிறாய்?
இரண்டாம் மாதம் மேலாளரிடம் கேட்டான்.
விஷயம் தெரிந்தபின் தினமும் சவரம் செய்துகொண்டு வருகிறான்.
எப்படியும் நீ பார்க்கத்தானே போகிறாய் என்கிறான்.

வீட்டில் இந்துமதி
ஒன்றும் சொல்லாமல் தன் கதிரையை
மேசையின் இடக்கரைக்கு நகர்த்தினாள்.
தொலைக்காட்சி சுவரில் ஆணியடித்தது.
அது அங்கேயே இருக்கிறது, நான் கேட்கிறேன்.

ஸ்கார்பரோ மாமா தொலைபேசியில் சொன்னார்:
ஒரே முறுக்கு, தம்பி.
டக்கென்று சத்தம் வரும். அவ்வளவுதான்.

அந்தச் சத்தத்துக்காகத்தான்
முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு மல்லாந்து படுத்தேன்.
ரெகூலா நூன்லிஸ்ட்
நகங்களைச் சதையோடு வெட்டியிருந்தாள்.
கீழிருந்து பாண் வேகும் மணம்.
அவளுடைய இரண்டு கைகளும் பிடரிக்குக் கீழே வந்தன.
வந்து
நின்றன.

கழுத்து இடப்பக்கம் இழுத்தது.
அவள் வலப்பக்கம் இழுக்கவில்லை.
கூடவே போனாள்,
அது போக நினைத்த இடத்துக்கும்
அரை விரற்கடை அப்பால் வரை.
அங்கே காத்திருந்தாள்.

சண்டைக்கு ஆள் வராத தெருச் சண்டியன்போல
தசை கொஞ்ச நேரம் முறைத்தது,
பிறகு எதற்காக வந்தோம் என்பதையே மறந்தது.

பதினொரு வினாடி. எண்ணினேன்.
பதினொரு வினாடி
கூரையில் என் மூக்குக்கு நேர் மேலே
ஒரு விளக்கும் அதற்குள் செத்த ஈயும்.
எழும்பி சப்பாத்துப் போடும்போதே
கழுத்து பழைய பக்கம் போய்விட்டது.
மாமாவிடம் சத்தம் வரவில்லை என்றேன்.
காசை வீணாக்காதே என்றார்.

ஆறாம் தடவை அவள் கேட்டாள்:
கன்னத்தில் ஏன் அடிக்கடி விரல் வைக்கிறீர்கள்?
வைக்கிறேனா?
சுட்டுவிரல், தாடைக்குச் சற்று மேலே.
அழுத்துவதில்லை, தள்ளுவதில்லை,
பால் சூடா என்று பார்க்கிற மாதிரி ஒரு தொடல்.
அப்போதெல்லாம் கழுத்து நேராக நிற்கிறதாம்.
சிலருக்கு அப்படி உண்டு என்றாள்,
ஏன் என்று தனக்குச் சரியாகத் தெரியாது என்றும்.

மூன்று வருடம் என் முகத்திலேயே இருந்த விரலை
இன்னொருத்தி சொல்லி அறிந்தேன்.
வீட்டுக்கு ஓடிவந்து இந்துமதிக்குக் காட்டினேன்.
தெரியும், என்றாள்.
நீங்கள் யோசிக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் தடவை பிளாஸ்டிக் கோணமானி வைத்து அளந்தாள்.
முப்பத்தெட்டு பாகை இருந்தது, இப்போது முப்பத்தொன்று.
அதை எழுதிவிட்டு
அடுத்த ஒன்பதுக்கான படிவத்தையும் நிரப்பினாள்.
கையெழுத்து கொஞ்சம் அசிங்கம்.
அத்தனை மெதுவான கைக்கு
இப்படியொரு அவசரக் கையெழுத்தா.

ஏழு பாகை எவ்வளவு என்று
இரவு முழுக்கத் தெரியவில்லை.
காலையில் பொதிகள் வரத் தொடங்கியபின் தெரிந்தது.
துரிமின் மூக்குக்கு முன்னால் ஒரு ஜன்னல் இருக்கிறது.
மூன்று வருடமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது.
வெளியே பனிமூட்டம்,
அதற்குள் நெடுஞ்சாலை லாரிகளின் மஞ்சள் விளக்குகள்
ஒன்றன்பின் ஒன்றாக பெர்ன் பக்கம்.

ஜன்னலைப் பார்க்கிறாய், என்றான் துரிம்.
ஓம், என்றேன்.

மறுநாள் அவன் சவரம் செய்யாமல் வந்தான்.